கம்பெனியில் பிரிக்கிறோம், வீட்டில் கலக்குகிறோம்!



போன மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

தம்பி ஆறாம் வகுப்பு படிக்கிறான். அன்றைக்கு அம்மா ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, நாளைக்கு ஸ்கூல்ல எக்ஸிபிஷன். வேஸ்ட்ல இருந்து பெஸ்ட் செஞ்சு எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க" என்று நின்றான். என்ன செய்ய வேண்டுமாம்? இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலை வெட்டிப் பூந்தொட்டி. எங்கள் வீட்டில் அந்தப் பாட்டில் இல்லை. அப்பா கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தோம், மீதி சாக்கடைக்குப் போனது. அப்புறம் தங்கக் கலர் பெயிண்ட், ஜிகினாத் தூள், பசை, சார்ட் பேப்பர், பிளாஸ்டிக் பூ. மொத்தம் 210 ரூபாய். அதாவது 210 ரூபாய் கொடுத்துக் குப்பையை விலைக்கு வாங்கினோம்!

தம்பிக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. பரிசு என்ன தெரியுமா? பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ். அதையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள் :)

கதை இதோடு முடியவில்லை. அடுத்த வாரம் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் குப்பை எரிந்துகொண்டிருந்ததாம். அதில் தன்னுடைய தங்கக் கலர் தொட்டி பாதி உருகிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்டான்: "அக்கா, அப்போ நான் செஞ்சது பெஸ்ட்டா, வேஸ்ட்டா?"

எனக்குப் பதில் தெரியும், ஆனால் அவனிடம் சொல்லக் கஷ்டமாக இருந்தது. அந்தப் பாட்டிலைக் கழுவி அப்படியே பழைய பேப்பர் கடைக்குப் போட்டிருந்தால் அது நல்ல சரக்கு. நசுக்கி, துண்டாக்கி, உருக்கி, இழையாக இழுத்துத் துணியாகவே நெய்துவிடுவார்கள். 2023 பிப்ரவரியில் பிரதமர் பாராளுமன்றத்துக்குப் போட்டுக்கொண்டு போன நீலக்கலர் மேல்சட்டை பழைய பாட்டிலில் இருந்து செய்தது என்று எல்லாச் செய்தியிலும் வந்ததே. அந்தத் துணி போனது நம் பக்கத்து ஊர் கரூரில் இருந்துதான். ஆனால் பெயிண்ட் அடித்து, ஜிகினா ஒட்டிய பாட்டிலை எந்தக் கடைக்காரரும் தொடமாட்டார். ஆக, நாங்கள் வேஸ்ட்டைப் பெஸ்ட் ஆக்கவில்லை. உருப்படியாக இருந்த ஒரு பொருளைக் கஷ்டப்பட்டு, காசு செலவு செய்து, வேஸ்ட் ஆக்கினோம்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். நம் பிள்ளைகளுக்கு "மறுசுழற்சி" என்று சொல்லிக் கொடுப்பதெல்லாம் கைவேலைப்பாடு. பாட்டிலில் பென் ஸ்டாண்டு, சிடியில் மயில், ஐஸ் குச்சியில் வீடு. ஒரு வீட்டில் எத்தனை பென் ஸ்டாண்டு வைக்க முடியும், சொல்லுங்கள்? மறுசுழற்சி என்பது அழகாக ஒன்றைச் செய்து ஷோகேஸில் வைப்பது இல்லை. ஒரு பொருள் திரும்பவும் மூலப்பொருளாக ஆகும்படி அதைக் கெடுக்காமல் அனுப்பி வைப்பதுதான் மறுசுழற்சி. அதற்குப் பசையும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம். பிரித்து வைக்கத் தெரிந்தால் போதும்.

பிரிப்பதைப் பற்றி திருப்பூர்க்காரர்களுக்கு வேறு யாராவது பாடம் எடுக்க வேண்டுமா என்ன?

பனியன் கம்பெனியில் ஒரு சட்டம், வீட்டில் ஒரு சட்டம்

வகுப்பில் என்னோடு படிப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் கட்டிங்கிலோ, பவர் டேபிளிலோ, செக்கிங்கிலோதான் இருப்பார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். கட்டிங் டேபிளில் விழும் துண்டுத் துணியை யாராவது குப்பை என்று சொல்கிறார்களா? "கட்டிங் வேஸ்ட்" என்று பெயர்தான் வேஸ்ட், ஆனால் அது கிலோ கணக்கில் விலை போகிற சரக்கு. வெள்ளை தனி மூட்டை, கலர் தனி மூட்டை. சுத்தக் காட்டன் தனி, பாலியஸ்டர் கலந்தது தனி. வெள்ளை மூட்டைக்குள் நாலு கலர்த் துண்டு கலந்துவிட்டால் வேஸ்ட் வாங்க வருகிற வியாபாரி உடனே விலையைக் குறைத்துவிடுவார். அதனால் சூப்பர்வைசர் அங்கேயே கத்துவார்.

அந்த மூட்டைகள் எங்கே போகின்றன? ஒரு பகுதி மெஷின் துடைக்கிற துணியாகப் போகிறது. இன்னொரு பகுதி பல்லடம், மங்கலம் பக்கம் இருக்கிற கழிவுப் பஞ்சு மில்லுக்குப் போகிறது. நாம் ஓ.இ. மில் என்று சொல்வோமே, அதுதான். அங்கே துணியைக் கிழித்துத் திரும்பப் பஞ்சாக்கி நூலாக நூற்கிறார்கள். அந்த நூலில் போர்வை, லுங்கி, கையுறை, மிதியடி என்று என்னென்னவோ வருகிறது. இதில் ஒரு அழகான விஷயம் பாருங்கள். சிவப்புத் துண்டுகளைத் தனியாகச் சேர்த்து நூற்றால் நூலே சிவப்பாக வரும். புதிதாகச் சாயம் போட வேண்டாம். சாயம் போடாவிட்டால் சாயத்தண்ணீரும் இல்லை. கலர் கலராகப் பிரித்து வைத்த ஒரே காரணத்தால் ஒரு சாயப்பட்டறை வேலையே மிச்சம்!

இப்படிக் காலை எட்டரை மணியில் இருந்து ராத்திரி எட்டரை மணி வரை நூலைக்கூடப் பிரித்து வைக்கிற ஊர், வீட்டுக்கு வந்ததும் என்ன செய்கிறது? வெங்காயத் தோல், பால் கவர், பழைய நோட்டு, பேட்டரி, உடைந்த டம்ளர், மீந்துபோன ரசம் சாதம் எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் போட்டு, கவரில் முடிச்சுப் போட்டு, தெருமுனையில் எறிகிறது. முதலாளியின் குப்பைக்கு மரியாதை, நம் வீட்டுக் குப்பைக்கு இல்லை.

நொய்யல் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்த பாடம்

கலப்பது சுலபம், செலவே இல்லை. பிரிப்பதற்குத்தான் செலவு. இதை நம் ஊரைவிட அதிக விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட ஊர் இருக்க முடியாது.

சாயப்பட்டறைத் தண்ணீரில் உப்பும் சாயமும் கலந்து நொய்யலில் விட்டார்கள். "என் பட்டறையில் இருந்து போவது கொஞ்சம்தானே" என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். விவசாயத்துக்காக 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர் தொட்டியாக ஆனது. கீழே இருந்த நிலம், கிணறு எல்லாம் உப்பானது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டது. அந்த வருடம் வேலை இல்லாமல் எத்தனை குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போயின என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இன்றைக்கு அதே தண்ணீரையும் உப்பையும் திரும்பப் பிரிப்பதற்கு சவ்வூடு பரவல் இயந்திரம், ஆவியாக்குகிற இயந்திரம் என்று கோடிக்கணக்கில் செலவு செய்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை ஓட்டுகிறார்கள். பிரித்த தண்ணீர் திரும்பப் பட்டறைக்கே போகிறது, உப்பும் திரும்பப் போகிறது. செய்ய முடிகிறது, ஆனால் செலவோ செலவு.

நம் சமையலறைப் பக்கெட்டும் ஒரு குட்டி நொய்யல்தான். காகிதம் காய்ந்து இருக்கும்வரை காகிதம். அதன்மேல் சாம்பாரை ஊற்றிய நொடியில் அதற்கு விலை இல்லை. வாழைப்பழத் தோல் தனியாக இருக்கும்வரை எரு. அதோடு பேட்டரியும் டயபரும் சேர்ந்தால் விஷம். சமையலறையில் ஒரு நொடியில் செய்ய முடிகிற வேலையை நாம் செய்யவில்லை என்றால், அதைப் பிறகு வேறு யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டு கையால் செய்ய வேண்டும். அல்லது யாருமே செய்யாமல் அது பாறைக்குழிக்குப் போகும்.

பாறைக்குழி என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கல் உடைத்து எடுத்துக் கைவிட்ட பெரிய பள்ளங்கள். 60 வார்டு உள்ள நம் ஊரின் குப்பையைப் பல வருடமாக அந்தப் பள்ளங்களில்தான் கொட்டி வந்தார்கள். 2025-ல் முதலிபாளையத்திலும் சின்னக்காளிபாளையத்திலும் ஊர் மக்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: உங்கள் குப்பை எங்கள் கிணற்றுக்குப் பக்கத்தில் ஏன்? நியாயமான கேள்விதானே? நம் வீட்டு வெங்காயத் தோலுக்கு யாரோ ஒரு விவசாயி ஏன் போலீஸ் வேனில் ஏற வேண்டும்?

குவித்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகள்மேல் விழுந்தது. 30 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்தில் குப்பைக்கிடங்கு தீப்பிடித்து ஒரு வாரத்துக்கும் மேல் ஊரே புகையில் மூச்சுவிட்டது. ஈரக் குப்பை காற்றுப் புகாமல் அழுகினால் மீத்தேன் வரும். அதோடு பிளாஸ்டிக்கும் சேர்ந்தால் தீக்கு என்ன குறை?

"இது பிள்ளைங்க வேலையா?"

இதைச் சொன்னால் முதலில் வரும் கேள்வி இதுதான். எங்கள் லைன் வீட்டில் ஒரு அத்தை என்னிடம் நேராகவே கேட்டார். "படிக்கிற புள்ளைங்களப் போயி குப்பைய நோண்டச் சொல்றியே, அதுக்குன்னு ஆளு இருக்காங்கல்ல கண்ணு?"

"அதுக்குன்னு ஆளு." இந்த வார்த்தையில்தான் எல்லாம் ஒளிந்திருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு ட்யூப்லைட் ஃப்யூஸ் போனது. நீளமாக இருக்கிறதே என்று அதை உடைத்து, கறிவேப்பிலைக் காம்பு, டீத்தூளோடு கவரில் போட்டுக் கட்டியது வேறு யாரும் இல்லை, நான்தான். மறுநாள் காலையில் தள்ளுவண்டிக்கார அக்கா அந்தக் கவரை அமுக்கி வண்டியில் வைத்தார். உள்ளங்கையில் கண்ணாடி ஏறிவிட்டது. அவர் திட்டவில்லை. "கண்ணாடி இருந்தா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல சாமி" என்றார், அவ்வளவுதான். அப்புறம் பத்து நாள் அவர் வரவில்லை. அந்த பத்து நாள் சம்பளம் அவருக்குக் கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது. ட்யூப்லைட்டுக்குள் பாதரசம் இருக்கும், அதை உடைக்கவே கூடாது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் நான் எடுத்த மார்க் எதற்கு உதவியது?

ஆகவே அத்தைக்கு என் பதில் இது. குப்பையைத் தொடுவது யாருடைய பிள்ளைக்கும் கேவலம் இல்லை. தான் போட்டதை இன்னொருவர் கையால் நோண்ட விடுவதுதான் கேவலம். நம் நாட்டில் இந்த வேலை எந்தெந்தச் சாதிக்காரர்கள் தலையில் காலம் காலமாகக் கட்டப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். "அதுக்குன்னு ஆளு" என்று ஒரு பிள்ளை சொல்லக் கற்றுக்கொள்வது பாடப்புத்தகத்தில் இல்லை, வீட்டுப் பக்கெட்டில்தான்.

அதே சமயம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் பனியன் கம்பெனிகளில் கைமடிக்கச் சின்னப் பிள்ளைகள் வேலைக்குப் போன ஊர் இது. பள்ளிக்கூடம் போகாமல் குப்பைமேட்டில் பாட்டில் பொறுக்குகிற பிள்ளைகளை இன்றைக்கும் எத்தனையோ ஊர்களில் பார்க்கலாம். அது குழந்தைத் தொழில், குற்றம், அதை நிறுத்தத்தான் வேண்டும். நான் சொல்வது அது இல்லை. தன் வீட்டுக் குப்பையை, தன் வீட்டுக்குள், ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் பிரித்துப் போடுவது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பது எப்படி வேலை இல்லையோ அப்படித்தான் இதுவும். இன்னும் சொல்லப்போனால், நம் பிள்ளைகள் வீட்டிலேயே பிரித்துவிட்டால் எந்தப் பிள்ளையும் மேட்டில் பொறுக்க வேண்டிய தேவை குறையும்.

ஏன் பிள்ளைகள் என்றால் இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. திருப்பூரில் சாயங்காலம் நாலரை மணிக்கு வீட்டில் இருப்பது யார்? அப்பா அம்மா ஒன்பது மணிக்குத்தான் வருவார்கள். வீட்டில் பாதிக் குப்பையைப் போடுகிறவர்களும் பிள்ளைகள்தான், சிப்ஸ் பாக்கெட்டை எண்ணிப் பாருங்கள். தவிர, ஒரு பத்து வயதுப் பிள்ளை நச்சரிக்க ஆரம்பித்தால் அதைத் தாங்கும் அப்பா இன்னும் பிறக்கவில்லை :)

"எல்லாத்தையும் ஒரே வண்டியிலதானே கொட்டறாங்க?"

இதுதான் இரண்டாவது சாக்கு. இதில் உண்மையும் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. பச்சை பக்கெட், நீல பக்கெட் என்று தனித்தனியாகக் கொடுத்ததை ஒரே தொட்டியில் கவிழ்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். வயிறு எரியும். மக்குவது, மக்காதது, ஆபத்தானது என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-லேயே மத்திய அரசின் திடக்கழிவு விதிகள் வந்துவிட்டன. பிரித்துக் கொடுப்பது நம் கடமை என்றால், பிரித்ததைக் கலக்காமல் கொண்டு போவது அவர்கள் கடமை. அதைக் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். வண்டிக்குக் கொடுத்தால்தானே கலப்பார்கள்? வீட்டுக் குப்பையில் பாதி ஈரக் குப்பை. அது வீட்டுத் தொட்டியிலேயே மக்கிவிடும். காகிதம், பாட்டில், தகரம் எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். அந்தக் கடைக்காரர் எந்த விதியும் சட்டமும் இல்லாமல் எத்தனையோ வருடமாக மறுசுழற்சி செய்துகொண்டிருக்கிறார். மீதி இருப்பது ஒரு சின்னக் கவர். வண்டி சரியில்லை என்பது அந்தச் சின்னக் கவருக்குத்தான் சாக்கு, முழுப் பக்கெட்டுக்கு இல்லை.

மூன்றாவதாக ஒரு கட்சி உண்டு. "கம்பெனிக்காரன் டன் கணக்குல பிளாஸ்டிக் விக்கறான், புள்ளைங்கள ஏம்மா படுத்தற?" என்பார்கள். கட்டாயம் கம்பெனிக்காரனைக் கேளுங்கள். பத்து கிராம் தின்பண்டத்தைப் பல அடுக்கு ஜிகினாப் பாக்கெட்டில் போட்டு, யாராலும் மறுசுழற்சி செய்ய முடியாதபடி விற்பவன்தான் பெரிய குற்றவாளி. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருளுக்குத் தடை. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் வந்தது. தடை செய்த கவர் இன்னும் கடையில் தொங்குகிறது என்றால் அது பிள்ளையின் தவறு இல்லை. ஆனால் குப்பையைப் பிரித்து எண்ணிப் பார்த்த பிள்ளைக்குத்தான் யாரைக் கேட்க வேண்டும் என்றே தெரியும். எல்லாவற்றையும் ஒரே கவரில் கட்டி எறிகிறவனுக்கு எந்தக் கம்பெனி பாக்கெட் எத்தனை என்பது எப்படித் தெரியும்?

சரி, எப்படிச் செய்வது?

ஜப்பானில் காமிகாட்சு என்று ஒரு மலைக் கிராமம். 2003-ல் குப்பையே இல்லாத ஊராவோம் என்று அறிவித்து, 40-க்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். ஐந்து போதும். தம்பியும் நானும் ஒரு மாதமாகச் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

1. தொட்டி. பழைய பெயிண்ட் பக்கெட்டில் சுற்றியும் அடியிலும் ஓட்டை போடுங்கள். அடியில் காய்ந்த இலை அல்லது தென்னை நார்க்கழிவு. தினமும் காய்கறித் தோல், டீத்தூள், பழத்தோல் போட்டு, மேலே ஒரு கை காய்ந்த இலையால் மூடுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை குச்சியால் கிளறுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், இன்னும் இலை போடுங்கள். புளித்த மோர் கொஞ்சம் தெளித்தால் சீக்கிரம் மக்கும். ஆரம்பத்தில் கறி, மீன், எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாக, மழை பெய்த மண் வாசத்தோடு எரு கிடைக்கும்.

2. சாக்கு. காகிதம், அட்டை, பாட்டில், தகர டப்பா, பால் கவர். கழுவுவதற்கென்று நல்ல தண்ணீரை வீணாக்காதீர்கள், நம் ஊரில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று தெரியும்தானே. பாத்திரம் கழுவிய கடைசித் தண்ணீரில் ஒரு அலசு போதும். பால் கவரை வெட்டும்போது மூலைத் துண்டைத் தனியாகத் துண்டிக்காதீர்கள், அந்தக் குட்டித் துண்டுகள்தான் சாக்கடைக்குப் போகின்றன. அலுமினியம் கிடைத்தால் விடாதீர்கள். புதிதாக எடுப்பதைவிடப் பழையதை உருக்குவதில் ஏறக்குறைய 95 சதவீதம் ஆற்றல் மிச்சம்.

3. துணிப்பை. போட முடிகிற துணி போடுகிறவர்களுக்கு. கிழிந்த காட்டன் பனியன் துடைக்கிற துணிக்கு. எதையும் அடுப்பிலோ தெருவிலோ எரிக்காதீர்கள். பாலியஸ்டர் கலந்த துணி என்பது எரியும்போது பிளாஸ்டிக்தான்.

4. மூடி போட்ட டப்பா. பேட்டரி, பல்பு, பிளேடு, காலாவதி மாத்திரை, ஊசி, உடைந்த கண்ணாடி. இது பெரியவர்கள் வேலை. பிள்ளைகள் தொடவே கூடாது. டப்பா எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதும். டப்பாமேல் "கண்ணாடி" என்று பெரிதாக எழுதுங்கள், வாங்குபவரிடம் வாயாலும் சொல்லுங்கள்.

5. மீதி. நாப்கின், டயபர் இவற்றைப் பேப்பரில் சுற்றித் தனியாக. சிப்ஸ், பிஸ்கட், ஷாம்பூ பாக்கெட்டுகள் தனியாக. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அந்தப் பாக்கெட்டுகளை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். முதல் வாரம் எங்கள் வீட்டில் 31. அதில் 19 தம்பியுடையது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வாரம் அவனே கடலை மிட்டாய் கேட்டான்.

விதிகள் இரண்டுதான். சொந்த வீட்டுக் குப்பை மட்டும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

மாதக் கடைசியில் பழைய பேப்பர் கடையில் 94 ரூபாய் கிடைத்தது. பெரிய காசு இல்லைதான். ஆனால் பூந்தொட்டிக்கு 210 ரூபாய் செலவு செய்த வீட்டுக்கு இது வரவு! பக்கத்து வீட்டில் ஒடிசாவில் இருந்து வந்த குடும்பம். அந்த வீட்டுப் பாப்பாவுக்குத் தமிழ் எழுத்து இன்னும் வரவில்லை. தம்பி அவளுக்காகத் தொட்டிமேல் வாழைப்பழமும் சாக்குமேல் பாட்டிலும் படம் வரைந்து ஒட்டினான். இப்போது எங்கள் லைனில் நாலு வீடு பிரிக்கிறது. "ஆளு இருக்காங்கல்ல" என்று கேட்ட அத்தையும் அதில் சேர்த்தி.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியர்கள் யாராவது படித்தால், தயவுசெய்து அந்தக் கண்காட்சியை நிறுத்துங்கள். அதற்குப் பதில் ஒரு தராசு வையுங்கள். ஒவ்வொரு வகுப்புக் குப்பையையும் வெள்ளிக்கிழமை எடை போடுங்கள். எந்த வகுப்பில் குறைவோ அதற்குப் பரிசு. பரிசைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றாதீர்கள். பிள்ளைகளைப் பழைய பேப்பர் கடைக்கும் கழிவுப் பஞ்சு மில்லுக்கும் ஒருநாள் கூட்டிப் போங்கள். தள்ளுவண்டி அக்காவைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டு, தினமும் கவருக்குள் என்னென்ன பார்க்கிறார் என்று பேசச் சொல்லுங்கள். பத்து மயில் பொம்மையைவிட அந்தப் பத்து நிமிடம் பிள்ளைகள் மனதில் நிற்கும்.

காங்கேயம் பக்கம் என் அம்மிச்சி ஊரில் "குப்பை" என்றால் இன்றைக்கும் எருதான். "காட்டுக்குக் குப்பை அடிச்சாச்சா?" என்றுதான் கேட்பார்கள். குப்பையை வண்டி வண்டியாகக் காசு கொடுத்து வாங்குவார்கள். "குப்பையில்லா வெள்ளாமை சப்பை" என்று பழமொழியே உண்டு. அதே வார்த்தை நாற்பது கிலோமீட்டர் தாண்டி டவுனுக்கு வருவதற்குள் தொடக்கூடாத பொருளாக மாறிவிட்டது. வார்த்தை கெட்டுப்போகவில்லை, நாம்தான் கலந்து கெடுத்தோம்.

பிள்ளைகள் பிரித்தால் உலகம் திருந்திவிடும் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. பாறைக்குழி நாளைக்கே மூடிவிடாது. ஆனால் நாளைக் காலையில் நம் வீட்டுக் கவரை அமுக்குகிற கையில் கண்ணாடி ஏறாது. எனக்கு இப்போதைக்கு அது போதும்.

இன்றைக்கு ராத்திரி உங்கள் சமையலறைப் பக்கெட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பக்கெட் வையுங்கள். வீட்டில் இருக்கிற சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு, எது எதில் என்று அதையே முடிவு பண்ணச் சொல்லுங்கள். தப்பாகப் போட்டால் திட்டாதீர்கள். இத்தனை வருடமாக நாம் போட்டது மட்டும் சரியா என்ன?